மிச்சம் கண்ணை மூடிக்கொண்டு அழித்த படங்கள்

என் தங்கைக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைக் கட்டியவனுக்கு எங்கள் குடும்பத்தில் மிச்சம் என்று பெயர். சொந்தப் பெயரும் உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்தார்கள், அதோடு சரி, பிறகு யாரும் அதைத் தொடவில்லை.

எதையும் தூக்கிப் போட மாட்டான். மை தீர்ந்த பேனா, ஒற்றைச் செருப்பு, ஃபியூஸ் போன பல்பு எல்லாம் இருக்கும். "பல்பை எதுக்குடா வச்சிருக்கே?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒருவேளை மனசு மாறி எரிஞ்சா, அத்தை?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் அப்பா கடிகாரம் ரிப்பேர் செய்தவர், ஒரு இழுப்பறை நிறைய யாருடையது என்றே தெரியாத முள்கள் வைத்திருந்தார். அவன் அத்தை பரிசு சுற்றி வந்த காகிதத்தையெல்லாம் இஸ்திரி போட்டு அடுக்குவாள். தாய்மாமன் இன்னும் ஒரு படி மேலே, விழுந்த பல்லைக்கூட டப்பாவில் வைத்திருந்தார். அந்தக் கூட்டத்தில் பிறந்துவிட்டு இவன் மட்டும் வேறு எப்படி இருப்பான்?

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த தொழிலைப் பாருங்கள். கல்யாணம், பிறந்தநாள், பள்ளிக்கூட ஆண்டு விழா என்று யாரோ எடுத்து வரும் வீடியோவை வெட்டி ஒட்டிக் கொடுப்பது. வெட்டுவது சோற்றுக்காக. வெட்டிய துண்டுகளைச் சேர்த்து வைப்பது சந்தோஷத்துக்காக. கொல்லைப்புற அறையில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டி, இரண்டு திரைக்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்திருப்பான். கேமராக்காரர் அவன் சிநேகிதர், நல்ல மனுஷர், ஆனால் கேமராவை நிறுத்த மறந்துவிடுவார். பந்தலைப் படம் பிடித்த பிறகு நடந்துபோகிற தன் காலையே கால் மணி நேரம் எடுத்திருப்பார். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் இருட்டை எடுத்திருப்பார். அந்த இருட்டையும் மிச்சம் வைத்திருப்பான். "சத்தம் தெளிவா விழுந்திருக்கு, அத்தை."

வேலை முடிந்தால் வேண்டாத துண்டுகளை அழித்தாக வேண்டும், இல்லையென்றால் அடுத்த வேலையை இறக்கக் கம்ப்யூட்டரில் இடம் இருக்காது. அதற்கு அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். ஒவ்வொரு துண்டையும் கடைசியாக ஒருமுறை முழுக்கப் பார்ப்பான். பார்த்து முடித்ததும் "போயிட்டு வா" என்பான். அப்புறம்தான் அழிப்பான். "வா"ன்னு வேற கூப்பிடறாரே, அப்புறம் எப்படிப் பெரியம்மா காலியாகும் என்று என் தங்கை மகள் தலையில் அடித்துக்கொள்வாள். பாதி துண்டுகள் வழியனுப்பு விழா முடிந்தும் போகாமல் குப்பைத் தொட்டியிலிருந்து திரும்பி வந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் இளையவள் கல்யாணம் நடந்தது. சொந்த மச்சினி கல்யாணம், வீடியோ வேலை வேறு யாருக்குப் போகும்?

இங்கே சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெண்களின் அப்பாவுக்குக் கூடப் பிறந்த தம்பி அவர். பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாலு பஸ் சேர்ந்து ஹாரன் அடித்தாலும் மேலே கேட்கும் குரல். மாப்பிள்ளை வீட்டாரை வாசலில் நின்று வரவேற்கும் பொறுப்பை அண்ணன் அவரிடம்தான் கொடுத்திருந்தார். அவருக்குப் பிள்ளையில்லை. இந்த இரண்டு பெண்களும்தான் எல்லாம்.

ஒரே ஒரு சங்கடம். கேமரா தன் பக்கம் திரும்பினால் சித்தப்பா அசைய மாட்டார். மூச்சைப் பிடித்து, வயிற்றை உள்ளே இழுத்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் நிற்பார். அவர் சின்ன வயதில் போட்டோக்காரர் "ஆடாதீங்க" என்று சொன்னதைப் பிறகு யாரும் வாபஸ் வாங்கவில்லை. எதிரே சம்பந்தி வந்து கை நீட்டினாலும் சரி, கேமரா போகிறவரை சிலைதான்.

மிச்சம் அந்தக் காட்சியைத் திரையில் போட்டுப் பார்த்தபோது கம்ப்யூட்டர் நின்றுவிட்டது என்று நினைத்தான். அணைத்துப் போட்டான். அப்போதும் சித்தப்பா அசையவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெக்கானிக்கிடம் ஓடினான். மெக்கானிக் கழற்றித் தூசி தட்டி, மாட்டி, ஓட விட்டுப் பார்த்துவிட்டு, "சார், பின்னாடி திரைச்சீலை ஆடுது பாருங்க. மெஷின் நல்லாத்தான் இருக்கு. அந்த ஆளைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாராம்.

அதன் பிறகு மிச்சம் யோசித்தான். தான் ஏமாந்த மாதிரி பார்க்கிறவர்களும் வீடியோ நின்றுவிட்டதென்று டிவியைத் தட்டுவார்களே! சித்தப்பா நின்ற இடத்தையெல்லாம் ஒன்றுவிடாமல் வெட்டினான். நல்ல எண்ணத்தில்தான் செய்தான்.

படத்தை முடித்து, ஒரு பிரதியைப் பெண் வீட்டில் கொடுத்தாயிற்று. மறுநாள் காலை நான் மிச்சத்தின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அறைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவை இறக்க வேண்டும், ஒரு துண்டு வைக்கவும் இடம் இல்லை.

"இன்னும் எத்தனை பேருக்கு டாட்டா காட்டணும்?"

"இப்பத்தான் செருப்பு விடற இடம் முடிஞ்சுது. அடுத்தது கூரை."

"கூரையா! கூரைக்கு என்னங்க வழியனுப்பு? அது என்ன ஊருக்கா போகுது? நகருங்க. கண்ணை மூடிக்கிட்டு பட்டனை அமுக்குங்க."

"பார்க்காம எப்படிம்மா…"

"ஊசி போட்டுக்கறப்ப மூடுவீங்கல்ல, அந்த மாதிரி."

நான் எட்டிப் பார்த்தேன். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டிருந்தான். உதடு மட்டும் முணுமுணுத்தது. விரல் அமுக்கியது. மொத்தமும் ஒரே அடியில் போயிற்று. அவள் அதோடு விடவில்லை. கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியையும் காலி செய்து, அவன் கண் திறப்பதற்குள் ஆண்டு விழாவை இறக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் வாசலில் செருப்பு உதறும் சத்தம். சித்தப்பா.

"மாப்பிள்ளை இருக்காரா?"

குரல் சின்னதாக இருந்தது. அந்தக் குரலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

"வாங்க மாமா. படம் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ரெண்டு தடவை பார்த்தேன். நல்லா இருக்கு. சமையல்காரர் வர்றாரு. தண்ணி ஊத்தற பையன் வர்றான். ஒரு நாய் வருது, ரெண்டு தடவை. நான் வரல."

மிச்சம் தொண்டையைச் செருமினான்.

"என் முழங்கை வருது" என்றார் சித்தப்பா. "அது என்னோடதுதான்னு நான் சொன்னா உண்டு."

"சித்தப்பா, தண்ணி குடிக்கிறீங்களா?" என்றாள் என் தங்கை மகள்.

"தண்ணி இருக்கட்டும்மா. சாயந்திரம் சம்பந்தி வீட்டுலேருந்து எல்லாரும் வர்றாங்க, படம் பார்க்க. உங்க அப்பா எல்லார்கிட்டயும் 'வரவேற்பு பூரா என் தம்பிதான்'னு சொல்லிட்டு இருக்கார். வாசல்ல யாருமே நிக்கலையேன்னு அவங்க நினைச்சா? நான் வேலையை விட்டுட்டு எங்கயோ போய்த் தூங்கிட்டேன்னுதானே ஆகும்?" துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "எப்படியாவது ஒரு இடத்துல சேர்த்துடுங்க, மாப்பிள்ளை. ஓரமா இருந்தாலும் போதும்" என்றார்.

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கேமரா கார்டுல இருக்குமே?" என்றாள் அவள் மெதுவாக.

"கேமராக்காரர் அதை அன்னைக்கே அழிச்சுட்டு வேற கல்யாணத்துக்குப் போயிட்டாரு."

"அப்ப?"

"அப்ப என்ன? கண்ணை மூடுன்னு சொன்னது யாரு?"

"நான் சொன்னா உடனே கேட்டுடுவீங்களா? இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா? இன்னைக்குன்னு பார்த்து!"

சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

மிச்சம் தவித்தான். பெண்டாட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு மெல்லக் குனிந்து தன் காலுறைக்குள் கைவிட்டான். கட்டைவிரல் அளவு பென்டிரைவ் ஒன்று வெளியே வந்தது.

"அடப்பாவி!" என்றாள் என் தங்கை மகள். "காலுறைக்குள்ளயா?"

"கொஞ்சம்தாம்மா. அழிக்க மனசு வராததை மட்டும்." அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம், எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.

"மாமா, இதுல ஒண்ணு இருக்கு" என்றான் மிச்சம். "ஆனா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

கல்யாணத்தன்று விடிகாலையில் கேமராக்காரர் கேமராவை வாசலோரம் வைத்துவிட்டு, வழக்கம்போல நிறுத்த மறந்து டீ குடிக்கப் போயிருக்கிறார். மண்டபத்தில் ஆள் இல்லை. வரிசையாக நாற்காலிகள் மட்டும். சித்தப்பா உள்ளே வருகிறார். சுற்றுமுற்றும் பார்க்கிறார். கேமராவை யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு முதல் நாற்காலிக்கு முன்னால் போய் நின்று கை கூப்புகிறார்.

"வாங்க சம்பந்தி, வாங்க! ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. சிரமம் ஒண்ணும் இல்லையே?"

நாற்காலியிடம் இதை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். அடுத்த நாற்காலி சம்பந்தியம்மா. அதற்குக் கூடுதல் மரியாதை. மூன்றாவது நாற்காலி யாரோ சின்னப் பையன் போல, அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தார். பிறகு சிரிப்பு. பல் தெரிய ஒன்று, தெரியாமல் ஒன்று. ஒரு சிரிப்பு பிடித்துப்போய் அதையே நாலைந்து நாற்காலிகளுக்கு வழங்கினார். கையும் காலும் அத்தனை லாகவமாக அசைந்தன. மெக்கானிக் பார்த்திருந்தால் வேறு ஆள் என்று சத்தியம் செய்திருப்பார்.

எனக்கு வயிறு வலித்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டேன். என் தங்கை மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது.

"சிரிங்க அக்கா, சிரிங்க" என்றார் சித்தப்பா என்னிடம். காது சிவந்திருந்தது. "அதுக்கு முந்தின ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்ல. வார்த்தை தப்பிடக் கூடாதேன்னுதான்." பிறகு திரைக்குக் கிட்டே போய்த் தன்னையே உற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் பேசியிருக்கேன், இல்ல?"

"பிரமாதமா பேசியிருக்கீங்க மாமா."

"அந்த நாற்காலிங்களை எடுத்துட முடியுமா?"

மிச்சம் காலை மடக்கி உட்கார்ந்தான். மற்ற நேரத்தில் எப்படியோ, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவன் கெட்டிக்காரன், அதை நான் எங்கேயும் சொல்வேன். நாற்காலி தெரியாதபடி சித்தப்பாவை மட்டும் பெரிதாக்கி வெட்டினான். சம்பந்தி வாசலில் ஏறி வருகிற காட்சி ஏற்கெனவே படத்தில் இருந்தது. அதற்கு நடுவே இவரைச் சொருகினான். சம்பந்தி படியேறுகிறார், சித்தப்பா "வாங்க" என்கிறார், சம்பந்தி புன்னகை செய்கிறார். பார்த்தால் இரண்டு பேரும் நேருக்கு நேர் நிற்பதுபோலவே இருந்தது.

"ஒரே ஒரு குறைதான்" என்றான் மிச்சம். "நாற்காலி உயரத்துக்குக் குனிஞ்சு பேசியிருக்கீங்க. சம்பந்தி நல்ல உயரம். நீங்க அவர் முழங்காலைப் பார்த்து வணக்கம் சொல்ற மாதிரி வருது."

"மரியாதைன்னு எடுத்துக்குவாங்க" என்றார் சித்தப்பா. குரல் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

சாயந்திரம் பெண் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் கூடினோம். சித்தப்பா சம்பந்திக்குப் பக்கத்து நாற்காலியில், விரலை விரலோடு பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசல் காட்சி வந்தது. சம்பந்தி படியேறினார். திரையில் சித்தப்பா குனிந்து, அவருடைய முழங்காலைக் கனிவோடு பார்த்து, "சிரமம் ஒண்ணும் இல்லையே?" என்றார்.

சம்பந்தி முன்னால் சாய்ந்தார். "கொஞ்சம் நிறுத்துங்க. திரும்பப் போடுங்க."

மிச்சம் திரும்பப் போட்டான். சித்தப்பா மறுபடியும் முழங்காலை விசாரித்தார்.

"இவர் அன்னைக்கு இப்படிக் கேட்டதா எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார் சம்பந்தி.

சித்தப்பாவின் விரல்கள் இன்னும் இறுகின.

"மன்னிச்சுக்கணும்" என்று சம்பந்தி சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "கூட்டத்துல காதுல விழல. பதில்கூடச் சொல்லாமப் போயிருக்கேன். அன்னைக்கு எனக்கு முழங்கால்ல உயிர் போற வலி. வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. வந்த ஜனத்துல என் காலைப் பார்த்துக் கேட்டது நீங்க ஒருத்தர்தான்!"

சித்தப்பா ஒரு கணம் மிச்சத்தைப் பார்த்தார். மிச்சம் கூரையைப் பார்த்தான்.

"அது எப்படி, கேக்காம இருக்க முடியுமா?" என்றார் சித்தப்பா.

அதற்குப் பிறகு படத்தை யார் பார்த்தார்கள்? சம்பந்தி வலி தொடங்கிய வருஷத்திலிருந்து ஆரம்பித்தார். எந்தத் தைலம், எந்தப் பக்கம் படுத்தால் குத்துகிறது, மாடிப்படியில் எந்தக் கால் முதலில், எல்லாம் சொன்னார். வேட்டியை உயர்த்திக் காட்டினார். சித்தப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது, "எலும்பு டாக்டர்கிட்ட போகணும், தனியாப் போக பயமா இருக்கு, உங்களை மாதிரி அக்கறையான ஆள் கூட வந்தா தைரியமா இருக்கும்" என்றார் சம்பந்தி.

இப்போது மாதத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சித்தப்பாவுக்கு ஆஸ்பத்திரி வாடையே ஆகாது, மூக்கில் துண்டை வைத்துக்கொண்டுதான் போகிறார். ஆனாலும் போகிறார். கேட்டது கேட்டதுதானே, வீடியோவிலேயே இருக்கிறது.