அண்டா இருக்கிற வீடு

எங்கள் உறுவையாறு ஊரில் தனியாக வாழும் முதியவர்களுக்கு ஞாயிறு மதியம் நாங்கள் நாலு பேர் சமைத்துப் போடுகிறோம். மூன்று வருடமாகிறது. இடுப்பு ஒடிகிறது.

இனி முடியாது என்று இன்று, என் வீட்டில் இருக்கும் சமையல் அண்டாவைத் தூக்கிக்கொண்டு, கூடச் சமைக்கிற செல்வி அக்கா வீட்டுக்குப் போனேன்.

“நான் நின்னுக்கறேன்க்கா. இத நீங்க வெச்சிக்குங்க.”

அக்கா அண்டாவைத் தொடவே இல்லை.

“போன வருஷமே நானும் நின்னுருப்பேன்டி. நம்ம சமைக்கிற பெரிய கேஸ் அடுப்பு என் வூட்ல கீதே, இன்னா பண்றது?”

அண்டாவோடு திரும்பினேன். வழியில், எங்களிடம் சாப்பிடும் பெரியவர் ஒருவர் அதைப் பார்த்ததும் அவசரமாக எழுந்தார்.

“இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாம்மா?”

“இல்ல தாத்தா, இன்னும் மூணு நாள் கீது. வந்துடறேன்.”

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஏன் இந்தச் சேவை என்று கேட்கிறவர்களே, உங்கள் வீட்டில் ஒரு அண்டா வைக்க இடம் இருக்கிறதா?