யார் ஓட்டினது?

என் பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து கார் லைசென்ஸ் கைக்கு வந்த அன்று வீட்டில் கேசரி கிளறினேன். அது ஆறுவதற்குள் அமெரிக்காவிலிருந்து நாத்தனார் போன் செய்து என் வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டாள்.

"அண்ணி, கார் இன்சூரன்ஸ்ல அவ பேரைச் சேர்த்தாச்சா? இங்கெல்லாம் பிள்ளைங்க லைசென்ஸ் எடுத்த உடனே சேர்த்தாகணும். சேர்க்காம எங்கயாவது இடிச்சா கம்பெனி கையை விரிச்சிடும். அப்புறம் வீட்டை வித்துத்தான் கட்டணும்."

வீட்டை விற்கணும் என்ற வார்த்தைக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் ஏது? என் கணவரிடம் சொன்னேன். "அவ இருக்கறது அமெரிக்கா, நாம இருக்கறது ராஜகீழ்ப்பாக்கம். ஏஜெண்ட்கிட்ட கேக்கறேன், விடு" என்று சிரித்தார். கேட்கவேயில்லை. ஆனால் பயம் அவருக்கும் பிடித்துக்கொண்டது. பெண் ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டலூரில் ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டுத் திரும்பினோம். பெண்தான் ஓட்டினாள். ஜிஎஸ்டி ரோட்டில் பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகப் போக, பின் சீட்டில் நான் முருகா முருகா என்று உயிரைக் கையில் பிடித்திருந்தேன். தாம்பரம் தாண்டியதும் மூச்சு வந்தது. வீட்டுக்கு நாலு தெரு இருக்கும்போது ஒரு சந்திலிருந்து ஸ்கூட்டர் ஒன்று விருட்டென்று வெளியே வந்தது. டமால் என்று சத்தம். ஒரு பெண்மணி ரோட்டில் கிடந்தார்.

வண்டி நின்றதுமே என் பெண் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். எனக்குக் கால் எழவில்லை. கணவரும் இறங்கி ஓடினார். அந்த அம்மாவைத் தூக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துவந்து என் பக்கத்தில் தள்ளினார்.

"நீ ஓட்டலை. புரியுதா? நான்தான் ஓட்டினேன். இன்சூரன்ஸ்ல உன் பேர் இல்ல."

"அப்பா, அவங்க தலை..."

"வாயைத் திறக்காத!"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "இன்னா சார், பாத்து வரக் கூடாதா?" என்று யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். எல்லோரும் பார்க்கும்படி அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, அடிபட்டவரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். மணிக்கட்டு உடைந்திருந்தது. அஸ்தினாபுரத்தில் தையல் கடை வைத்திருக்கிறாராம். வலது கை.

போலீஸ் வந்தது. "யார் ஓட்டினது?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்க, "நான்தான் சார்" என்றார் என் கணவர். பொய் வெளிப்பட்டால் பெண்ணைக் கூட்டிப் போய்விடுவார்களோ என்று எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. வராந்தாவுக்குப் போய் ஏஜெண்டுக்கு போன் போட்டேன். அழுகைதான் முதலில் வந்தது.

"அக்கா, அழாதீங்க. பேர்லாம் சேர்க்க வேணாம்கா. நம்மூர்ல இன்சூரன்ஸ் வண்டிக்குத்தான். கார் லைசென்ஸ் இருக்கறவங்க யார் ஓட்டினாலும் பாலிசி செல்லும். பாப்பாகிட்ட லைசென்ஸ் கீதுல்ல?"

"இருக்கு, இருக்கு!"

"அப்புறம் இன்னாக்கா பயம்? லைசென்ஸ் இல்லாதவங்க ஓட்டினாதான் பேஜாரு."

போன உயிர் திரும்பி வந்தது. இதைச் சொல்ல வார்டுக்குள் ஓடினேன். சப்-இன்ஸ்பெக்டர் என் கணவரின் லைசென்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், ஐம்பது வயசோட இது முடிஞ்சுபோச்சே. புதுப்பிக்கலையா?"

டயர் காற்றைக்கூட வாராவாரம் பார்க்கிற மனுஷன். ஒரு தடவை லைசென்ஸ் வாங்கினால் சாகும்வரை செல்லும் என்று நினைத்திருக்கிறார்! அவர் முகம் செத்துப்போயிற்று. ஐயோ, பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்ததே என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சார், நான்தான் ஓட்டினேன். என்கிட்ட லைசென்ஸ் இருக்கு" என்றாள் பெண்.

சப்-இன்ஸ்பெக்டர் சிரித்தார். "அப்பாவுக்கு லைசென்ஸ் இல்லேன்னு தெரிஞ்சதும் பொண்ணு ஓட்டுச்சா? நல்லா இருக்கும்மா கதை."

"சத்தியமா அவதான் சார் ஓட்டினா" என்றேன்.

"வாங்கம்மா. நீங்களும் சாட்சியா?"

நாங்கள் சொன்ன பொய்யை உடனே நம்பினார்கள். உண்மையை நம்ப ஆள் இல்லை. லைசென்ஸ் இல்லாதவங்க ஓட்டினாதான் பேஜாரு என்பதே காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. கணவர் ஜெயிலுக்கா, வீடு ஏலத்துக்கா, அந்த அம்மாவின் கைக்கு யார் பதில் சொல்வது?

அப்போது கட்டிலிலிருந்து அந்தத் தையல்கார அம்மாவின் குரல் வந்தது.

"அந்தப் பொண்ணுதான் சார் ஓட்டிகினு வந்துச்சு. மொதல்ல எறங்கி ஓடியாந்து என் தலையைத் தூக்கி மடியில வச்சிகினுது. தண்ணி குடுங்கன்னு கத்திச்சு. இவருதான் வந்து, என்னை அப்படியே உட்டுட்டு, பொண்ணை இழுத்துகினு பூட்டாரு. என் தலை மறுபடியும் ரோட்டுல பட்டுச்சு சார்."

எங்களைக் காப்பாற்றுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதனாலேயே சப்-இன்ஸ்பெக்டர் நம்பினார், பெண்ணின் பெயரை எழுதிக்கொண்டார். பாலிசி செல்லும், அந்த அம்மாவின் கைக்கும் இன்சூரன்ஸ் பணம் வரும். எனக்கு அழுகையும் வெட்கமும் ஒன்றாகப் பொங்கின.

போலீஸ் பிடித்து வைத்திருந்த காரைச் சில நாள் கழித்து ஸ்டேஷனிலிருந்து எடுக்கப் போனோம். "லைசென்ஸ் இருக்கறவங்க எடுங்க" என்று சாவியை நீட்டினார்கள். எங்கள் வீட்டில் அது ஒருத்தியிடம்தான் இருக்கிறது. அவள் அன்றைக்கு அப்புறம் காரைத் தொடவேயில்லை. சாவியை வாங்கிக்கொண்டாள். என் கணவர் பின் கதவைத் திறந்து, அவளைத் தள்ளிய அதே சீட்டில் உட்கார்ந்தார். முன்னால் நான்.

அந்தச் சந்து வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் ஹார்ன் மேல் ஹார்ன்.

"யாராவது வராங்களா, பாரும்மா."

எட்டிப் பார்த்தேன். சந்து காலியாகத்தான் இருந்தது. "யாரும் வரல, போ" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.