ஆளுக்கொரு மருந்து

கயத்தாற்றில் செருப்புக்கடை வைத்திருந்த ஹுமாயூனுக்குப் பெருங்குடலில் புண். ரத்தமும் சளியுமாகப் போகும். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரிக்காமல் ஒரு கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். திருநெல்வேலி ஆஸ்பத்திரிப் பெஞ்சில் அதே நோயோடு வந்து உட்கார்ந்தவர்தான் கோபாலசாமி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், முன்பு ஆடு வைத்திருந்து, இப்போது கரிசலில் உளுந்து விதைப்பவர். பிறரிடம் சொல்லக் கூசுகிறதையெல்லாம் இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள்.

பெப்டைடு என்ற புதுவகை மருந்துகளின் பேச்சும் அந்தப் போனில்தான் வந்தது. பி.பி.சி. 157 புண்ணை ஆற்றும், கே.பி.வி. அழற்சியைத் தணிக்கும் என்று வீடியோக்கள் சொல்லின. டாக்டரிடம் கேட்டார்கள்.

"எலிக்குக் கொடுத்துப் பாத்திருக்காங்க. மனுஷருக்கு நல்லதா கெட்டதான்னு இன்னும் சரியாத் தெரியாது. வேண்டாம்," என்றார் அவர்.

இருந்தும் வரவழைத்தார்கள். ஊசிக்குப் பயந்த கோபாலசாமி, கேப்சூலாக வந்த கே.பி.வி.யை எடுத்துக்கொண்டார். ஹுமாயூன் ஊசியாக வந்த மற்றதை வயிற்றில் குத்திக்கொண்டார். எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்பது ஏற்பாடு.

"டாக்டர் தினம் போடச் சொன்ன மாத்திரையையும் சேத்து முழுங்கினா எது கேட்டுச்சுன்னு எப்படி அண்ணாச்சி தெரியும்? அதை நிப்பாட்டிருவோம்," என்றார் கோபாலசாமி. ஹுமாயூனுக்கும் அது நியாயமாகப் பட்டது.

முதலில் இருவருக்குமே சுகமாக இருந்தது. புரோட்டாகூடத் தின்றதாகச் சொல்லிச் சிரித்தார் கோபாலசாமி. ஐப்பசி மழைக்குப் பிறகு, களையெடுப்பு நேரத்தில் அவருக்கு ரத்தம் கொட்டியது. வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று வலியை அடக்கிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது குடல் ஓட்டையாகி வயிறெல்லாம் சீழ். ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை.

சேதி கேட்டதும் ஹுமாயூன் ஊசியை விட்டு மாத்திரைக்குத் திரும்பினார்.

"இந்த நோய் தானாவே கொஞ்சநாள் அடங்கும், பிறகு சீறும். ரெண்டு பேரை வச்சு எந்த மருந்தையும் எடைபோட முடியாது. மாத்திரையை நிறுத்தினதுதான் பெரிய தப்பு," என்றார் டாக்டர்.

துக்கம் கேட்கப் போன ஹுமாயூனிடம் கோபாலசாமியின் மனைவி கிருஷ்ணவேணி, "உங்களுக்கு அந்த ஊசி கேட்டுச்சா அண்ணாச்சி?" என்றாள்.

"தெரியலம்மா."

"நீங்க நல்லாத்தானே இருக்கீய. அவியளும் ஊசியே போட்டிருக்கலாம். நான் கையைப் பிடிச்சு வச்சாவது போட வச்சிருப்பேன்."

ஊசியும் இல்லை, கேப்சூலும் இல்லை, மாத்திரையை விட்டதுதான் என்று சொல்ல வாயெடுத்தார். விடச் சொன்னது யார் என்று அடுத்துக் கேட்பாள். செத்தவர் தலையில் அதைப் போட அவருக்கு மனம் வரவில்லை. குனிந்தபடி இருந்தார். அவள் அதை ஒப்புதலாகவே எடுத்துக்கொண்டு அழுதாள்.