கண்ணாடி அறையை வேண்டாம் என்றவர்

எங்கள் மென்பொருள் நிறுவனத்தில் அவரை எல்லோரும் 'கையேடு அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் செய்யும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று வாங்குகிறவர்களுக்குப் புரியும்படி எழுதுவது அவர் வேலை. அவர் சேர்ந்த காலத்தில் அலுவலகம் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. பிரிண்டருக்குப் பக்கத்தில் அவருக்கு இடம் போட்டார்கள். காகிதம் சிக்கிக்கொண்டால் எடுத்துவிடும் வேலையும் தானாகவே அவர் தலையில் விழுந்தது.

கூட்டங்களுக்கு அவரை யாரும் அழைத்ததில்லை. எல்லாம் முடிந்து, ஆள் ஆளுக்குக் கைகழுவிய பிறகு, "அக்கா, இதைக் கொஞ்சம் எழுதிடுங்க" என்று அவர் மேசையில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். டீ நேரத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு எங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இந்தப் பொத்தானை மறந்துபோய் மறுபடி அழுத்தினால் என்ன ஆகும், நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேள்விமேல் கேள்வி. ஆரம்பத்தில் அவர் வருவதைப் பார்த்ததும் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வோம். போகப்போக, அவர் வராத நாளில் டீயே இறங்காது என்றாகிவிட்டது.

எழுதி முடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போய், பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற தன் மாமனாரைக் கணினி முன் உட்காரவைப்பார். வாயைத் திறக்காமல் பக்கத்தில் நிற்பார். மாமனார் எந்த வரியில் தடுமாறுகிறாரோ, அந்த வரி மறுநாள் மாறிவிடும். ஒருமுறை பெரியவர், "நல்லாத்தாம்மா எழுதியிருக்கே. எங்கே நிறுத்தணும்னுதான் சொல்லலை" என்றாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் அக்கா. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் 'இத்துடன் வேலை முடிந்தது' என்று எழுதத் தொடங்கினார்.

நிறுவனம் வளர்ந்தது; சொந்தக் கட்டடத்துக்கு மாறினோம். எழுதுகிறவர்களுக்கென்று தனிக் குழு அமைந்தது. அதற்கு அக்காதான் மேலாளர். அவருக்குக் கண்ணாடி அறை கொடுத்தார்கள். அவர் கணவர் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனார். ஆனால் அக்காவின் பகல் முழுக்க மற்றவர்களின் லீவு விண்ணப்பங்களிலும் கூட்டங்களிலும் கரைந்தது. டீ அவர் அறைக்கே வந்துவிடும் என்பதால் எங்கள் பக்கம் வருவதும் நின்றுபோனது. கண்ணாடிக்கு அப்பால் மற்றவர்கள் எழுதுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

இரண்டாம் வருடம் முதலாளியிடம் போய், பழையபடி எழுதப் போகிறேன் என்றார். வேறு வேலையாக நானும் அப்போது அந்த அறையில் இருந்தேன். முதலாளிக்கு நம்ப முடியவில்லை.

"ஏறி வந்த பிறகு யாராவது இறங்குவாங்களாம்மா?"

"எனக்கு ஏறின மாதிரியே தெரியலை சார். எழுத விடுங்க, போதும்."

மேலாளருக்குச் சமமாக எழுத்தாளர் பதவி எதுவும் இல்லையென்று நிர்வாகத்தில் கையை விரித்தார்கள். இழுத்தடித்து, கடைசியில் அவருக்காகவே 'முதன்மை எழுத்தாளர்' என்று ஒன்றை உண்டாக்கினார்கள். கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டபோது, "அவ சிரிச்சுக்கிட்டு வீட்டுக்கு வரட்டும், விடுடா" என்று மகனை அடக்கியவர் மாமனார்தானாம். அக்கா கேட்டது இன்னும் ஒன்றுதான்: எந்த மென்பொருளானாலும் முதல் கூட்டத்திலேயே தனக்கும் இடம் வேண்டும். அதுவும் கிடைத்தது. இன்று எங்கள் அலுவலகத்தில் எழுதுகிறவர் வராமல் அந்தக் கூட்டம் தொடங்குவதில்லை. புதிதாக வருகிறவர்கள் அது ஆதியிலிருந்தே அப்படித்தான் என்று நினைக்கிறார்கள்.

ஓய்வுபெறும் நாளில் கேக் வெட்ட எல்லோரும் கூடியிருந்தோம், ஆளைக் காணோம். தேடிப்போனால், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணோடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'தவறான உள்ளீடு' என்றிருந்ததை அழித்து, 'தேதியில் மாதம் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடுங்கள்' என்று மாற்றிக்கொண்டிருந்தார்.

"இதோ, இந்த ஒரு வரிதான்" என்றார். முதலாளி உட்பட எல்லோரும் காத்திருந்தோம்.