லீவில் வந்த பொடியன்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், சாதாரண தரம் வரை படித்த முதல் ஆள் நான். மேலே படிப்பது மாமாவின் வாய்ச்சொல்லில் இருந்தது. அம்மாவின் தமையன் அவர். அவர் சொன்னதை, வாவியில் வலை வீசும் அப்பா மறுத்ததில்லை.

மாமாவின் மகள் பெரியபிள்ளையானாள். சடங்குக்கு செங்கலடியிலிருந்து வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் வாடகைக்கு வந்தன. பொழுதுபட்டால் ஊரடங்கு. ஆகவே ஜன்னல்களைச் சாக்கால் மூடி, நடுப்பகலில் படம் போட்டோம். கசெற் பெட்டியின் மேல் தமிழ் நடிகரின் படம். உள்ளே பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலப் படம். சந்தியில் ஆமியின் சுற்றிவளைப்பு, மாற்றப் போக முடியாது.

“இங்கிலீஸ் படிச்சவள் இருக்காள்தானே,” என்றார் மாமா. “கதையைச் சொல்லட்டும். படிச்சது பிரயோசனமா எண்டு பாப்பம். இல்லாட்டி வீட்டோட இருக்கட்டும்.”

படம் முழுக்க அணிவகுப்பு. வெளியே போகும் ஆமி, உள்ளே இயக்கத்துக்கு ட்ரெயினிங் நடக்கிறதென்று நினைத்துவிடும் என்று சத்தத்தைக் குறைத்தார்கள். பாதி விளங்கவில்லை. அந்தப் பாதியை நானே நிரப்பினேன். அதிகாரி ஒரு பொடியனைப் பார்த்துக் கத்தியபோது, அந்தப் பொடியனின் தகப்பன் அவருடைய காணியைப் பிடித்துவிட்டார் என்றேன்.

“அதுதானே பாத்தன்,” என்றார் மாமா.

நன்றாக விளங்கிய இடத்தில்தான் சிக்கல் வந்தது.

“இவன் ஆமிக்குப் படிக்கப் போறான். தாய் பெட்டி அடுக்கி ரயில் ஏத்தி விடுறா,” என்றேன்.

“பெத்தவளே அனுப்புறாளோ?” என்றாள் மாமி. “இஞ்ச நாம பொடியன்மார நெல்லுச் சாக்குக்குப் பின்னால ஒளிச்சு வைக்கிறம்.”

“ஓம் மாமி. இப்ப லீவில வீட்ட வாறான்.”

வீடே சிரித்தது.

“ட்ரெயினிங் போனவன் லீவில வாறானாம். இஞ்ச இயக்கத்துக்குப் போனவன் ஆரும் திரும்பி வந்தவனா? என்ன கா, கதை விடுறாய்?”

திரையில் அவன் சீருடையோடு தாயின் பக்கத்தில் இருந்து கேக் தின்றுகொண்டிருந்தான். அது வேறு பொடியன் என்று தீர்மானித்தார்கள்.

“இவளுக்கு அரைகுறையாத்தான் விளங்குது,” என்றார் மாமா. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். என் படிப்பு அந்தச் சாக்கு மூடிய அறையிலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

“இதோட நிப்பாட்டினா நமக்குத்தான் வெக்கம். அரை அவியல் சோத்த ஆர் இறக்கிறது? இன்னும் ரெண்டு வருசம் படிக்கட்டும்,” என்று மாமாவே முடித்தார்.

அப்படித்தான் உயர்தரம் படித்தேன், பிறகு வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கும் போனேன். அவன் லீவில்தான் வந்தான். அதில் நான் பிழை விடவில்லை. மாமா அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. அவர் இன்றைக்கும் கேட்பது, அந்தக் காணி கடைசியில் யாருக்குப் போனது என்றுதான்.