சாலையைக் கடந்த தட்டுகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மலேசியாவில், ஈப்போ நகரத்தின் எல்லையில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது இது. முகூர்த்தம் நல்லபடியாக முடிந்து, நாதஸ்வரம் ஓய்ந்து, கூட்டம் சாப்பாட்டுப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து மண்டபத்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. நான் அப்போது பின்கட்டில், முழங்கை வரை சோப்பு நுரையோடு நின்றிருந்தேன்.

நான் அந்தக் கல்யாணத்துக்கு விருந்தாளியாகப் போகவில்லை. தட்டு கழுவப் போயிருந்தேன். அது எப்படி என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது அடுக்குமாடி வீடுகளில். எங்களில் பாதிப்பேர் தாப்பா, சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்தவர்கள். தோட்டங்கள் கைமாறி, வீடுகள் போய், பிழைப்பைத் தேடி டவுனுக்கு வந்தவர்கள். நான் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். எங்கள் பிரிவை மூடியதும் என்னோடு சேர்ந்து எங்கள் மாடிக்காரப் பெண்கள் பலரும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

எங்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் ஒரு கோயில். ஒவ்வொரு திருவிழா அன்னதானம் முடிந்ததும் பொலிஸ்திரின் என்கிற வெள்ளை நுரைப் பெட்டிகளும் பிளாஸ்டிக் குவளைகளும் மலைபோலக் குவியும். மழை வந்தால் அத்தனையும் கால்வாயில் போய் அடைத்துக்கொள்ளும். கீழ்த்தளத்து வீடுகளுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறிவிடும். அப்படி ஒருநாள் கால்வாயை அள்ளிக்கொண்டிருந்தபோதுதான் எங்களில் ஒருத்தி மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினாள். "நாமளே காசு போட்டு குப்பைய வாங்குறோம், அப்புறம் நாமளே அள்ளுறோம். நல்ல சில்வர் தட்டா வாங்கி வச்சிக்கிட்டா என்னா லா?"

அந்தக் கேள்வியில் பிறந்ததுதான் எங்கள் தட்டுக் கூட்டுறவு. ஆளுக்கு முடிந்ததைப் போட்டோம். எவர்சில்வர் தட்டு, குவளை, கிண்ணம், அவற்றை அடுக்கக் கூடைகள், ஒரு பழைய வேன் எல்லாம் வாங்கினோம். விசேஷ வீடுகளுக்குத் தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்போம், அங்கேயே கழுவுவோம், திருப்பி எடுத்து வருவோம். தட்டில் மிஞ்சும் சோறு, கறியெல்லாம் வாளிகளில் சேர்ந்து எங்கள் மாடிக்குப் பின்னால் இருக்கும் கீரைப் பாத்திகளுக்கு உரமாகப் போகும். முதலாளி என்று யாரும் கிடையாது. அதிகம் போட்டவருக்கும் குறைவாகப் போட்டவருக்கும் ஒரே ஓட்டு. அந்த வருடம் நான் தலைவி. தலைவி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. போன் என் கையில் இருக்கும், திட்டும் முதலில் எனக்கு வரும்.

அதுவரை பிறந்தநாள், காதுகுத்து என்று சின்னச் சின்ன விசேஷங்களாகத்தான் செய்துகொண்டிருந்தோம். இந்தக் கல்யாணம்தான் முதல் பெரிய வேலை. பெண்ணின் அப்பா ஒரு பிறந்தநாளில் எங்கள் வேலையைப் பார்த்துப் பிடித்துப்போய் அழைத்திருந்தார். ஆனால் அவருடைய தங்கைக்கு, அதாவது பெண்ணின் அத்தைக்கு, இதில் துளியும் விருப்பமில்லை. காலையில் நாங்கள் கூடைகளை இறக்கும்போதே வந்து ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யார் யாரோ சாப்ட்ட தட்டு" என்று எங்கள் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்.

எல்லா விருந்தாளிகளுக்கும் போதுமான தட்டுகள் எங்களிடம் இல்லை. முதலில் சாப்பிட்டவர்களின் தட்டுகளைக் கழுவி உடனுக்குடன் மேசைக்கு அனுப்பினால்தான் அடுத்தவர்களுக்குக் கிடைக்கும். கூட்டம் எங்கள் கணக்கைத் தாண்டி வந்திருந்தது. அப்போதுதான் குழாய் நின்றது.

அந்த வட்டாரம் முழுக்கத் தண்ணீர் வெட்டாம். காலையிலிருந்து வந்துகொண்டிருந்தது மாடித் தொட்டியில் இருந்த தண்ணீர் என்று அப்போதுதான் தெரிந்தது. மண்டபப் பொறுப்பாளர் யார் யாருக்கோ போன் போட்டுவிட்டுக் கையை விரித்தார். உள்ளே சாப்பாட்டு மேசையில் தட்டு அடுக்கு கரைந்துகொண்டே வந்து கடைசியில் காலியானது. பட்டுப்புடவைகளும் ஜிப்பாக்களுமாக ஒரு நீண்ட வரிசை வெறும் கையோடு நின்றது. எங்களிடம் பின்கட்டில் அழுக்குத் தட்டுகள் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தன.

பெண்ணின் அத்தை பின்கட்டுக்கே வந்துவிட்டார். "நான் அப்பவே சொன்னேன், யாரும் கேக்கல. இந்தா, கார் சாவி. யாராச்சும் போயி கடையில இருக்கிற பொலிஸ்திரின் எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க."

சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "அக்கா, சாம்பார் ஆறிட்டா என்னையத்தான் பேசுவாங்க. சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்க."

முடிவை நான் ஒருத்தியாகச் சொல்ல முடியாது. எங்கள் விதி அப்படி. காய்ந்த குழாய்க்கு முன்னால் நின்றபடியே கூட்டம் போட்டோம். எங்களில் மூத்தவரை நாங்கள் சிலிம் ரிவர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நேராகச் சொன்னார். "வந்த சனம் பசியோட நிக்கக்கூடாது. தட்டு நம்ம பெருமை, சரி. ஆனா சோறு அவங்க பசி. அதான் முக்கியம்." இன்னொருத்தி அழாத குறையாக, "இன்னைக்கி பொலிஸ்திரின் வந்திச்சின்னா இனிமே எந்தக் கல்யாணத்துக்கும் நம்மள கூப்பிட மாட்டாங்க" என்றாள். இரண்டும் உண்மைதான்.

பேச்சு ஒரு நொடி நின்றபோது, சாலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் என் காதில் விழுந்தது. 'ஸ்ஸ்ஸ்' என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கேட்ட சத்தம்தான், கவனிக்கவில்லை. எதிரே கார் கழுவும் கடை. வட்டாரம் முழுக்கத் தண்ணீர் வெட்டு என்கிறார்கள், அங்கே மட்டும் குழாய் பீறிட்டுக்கொண்டிருக்கிறது!

"கொஞ்ச நேரம் கொடுங்க அக்கா. முடியலன்னா நாங்களே போயி பொலிஸ்திரின் வாங்கியாறோம்" என்று அத்தையிடம் சொல்லி, அந்தக் கடையைக் கைகாட்டினேன். எங்கள் பெண்கள் சரியென்று தலையாட்டியதும் நுரைக் கையோடு சாலையைக் கடந்து ஓடினேன். சிலிம் ரிவர் அக்காவும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

கடைக்காரர் ஒரு சீனர், அறுபது வயதிருக்கும், முட்டிவரை ரப்பர் காலணி போட்டிருந்தார். முன்னால் கார்கள் வரிசை கட்டி நின்றன. ஞாயிறுதான் அவருக்கு நல்ல வியாபார நாள். நான் மலாயில் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் எங்கள் புடவையைப் பார்த்தார், எதிரே மண்டபத்தைப் பார்த்தார், பிறகு தமிழிலேயே பதில் சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தாராம், தமிழ் அங்கே வந்ததாம்.

"தண்ணி இருக்கு. கீழருந்து வருது, என் சொந்த போர் கிணறு. நானே இததான் சுட வச்சி குடிக்கிறேன். ஆனா தட்டுல சோறு, எண்ணெ இருக்கும் இல்ல? என் லோங்காங்ல, இந்தக் கால்வாயில, விழுந்தா அடைச்சிக்கும். அப்புறம் எனக்குத்தான் சம்மன் வரும்."

"ஒரு பருக்க விழாது தௌக்கே" என்றார் சிலிம் ரிவர் அக்கா. சீன முதலாளிகளை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "எங்களுக்கு லோங்காங் அடைப்பப் பத்தி நீங்க சொல்லவே வேணாம்."

தௌக்கே தலையைச் சொறிந்தார். காத்திருந்த கார்களைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு வேலையாட்களையும் கூப்பிட்டு, கழுவிக்கொண்டிருந்த காரை முடித்ததும் அடுத்ததை ஏற்ற வேண்டாம் என்றார். ஒரு கார்க்காரர் கோபமாக ஹார்ன் அடித்துவிட்டுப் போனார். மற்றவர்கள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

நான் திரும்பி ஓடிவந்து சொன்னதும் சமையல்காரருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. "அங்க கழுவுங்க. கடைசியா ஒரு முக்கு இங்க கொதி தண்ணியில போட்டுத்தான் மேசைக்குப் போகணும். என் சமையலுக்கு நான்தான் பொறுப்பு" என்று, பெரிய அண்டாவை அவரே தூக்கிக்கொண்டு போய் அந்தக் கடைத் தண்ணீரைப் பிடித்து வந்து அடுப்பில் ஏற்றினார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வருகின்றன. சோற்றை வழித்துவிட்ட தட்டுகளைக் கூடைகளில் அடுக்கினோம். தூக்கிக்கொண்டு ஓட எங்கள் ஆட்கள் போதவில்லை. பெண்ணின் அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கூடையைத் தூக்கினார். அவரைப் பார்த்து மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்தார்கள். பிறகு யார் சொல்லி யார் வந்தார்கள் என்றே தெரியவில்லை. வரிசையில் வெறும் கையோடு நின்றவர்கள் அப்படியே வெளியே நீண்டு, பின்கட்டிலிருந்து கார் கடை வரை ஒரு சங்கிலியாகிவிட்டார்கள். கைக்குக் கை தட்டுக் கூடைகள் போயின, பளபளவென்று திரும்பின. தௌக்கேயும் அவருடைய ஆட்களும் கார் கழுவும் குழாயின் வேகத்தைக் குறைத்து வைத்துப் பீய்ச்சினார்கள். நாங்கள் நார் போட்டுத் தேய்த்தோம்.

நடுவில் சாலை இருக்கிறதே! வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன. கூடைகள் நின்று நின்றுதான் கடந்தன. திடீரென்று வண்டிகள் நின்றுவிட்டன. நிமிர்ந்து பார்த்தேன். பெண்ணின் அத்தை சாலை நடுவில், அரக்குப் பட்டுப்புடவையில், ஒரு கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். ஒரு லாரிக்காரரைப் பார்த்து, "கல்யாணச் சாப்பாடு போகுது, கண்ணு தெரியலயா? நில்லு லா!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். லாரிக்காரர் மலாய்க்காரர். என்ன புரிந்ததோ, இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

எல்லாம் குறையில்லாமல் முடிந்தது என்று சொல்ல மாட்டேன். சாப்பாடு ரொம்பவும் தாமதமானது. வயதானவர்கள் சிலர் சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்கள். அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. எங்களில் ஒருத்தி சோப்புத் தரையில் வழுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கி ஒரு மாதம் நொண்டினாள். ஆனால் மண்டபத்துக்குள் ஒரு பொலிஸ்திரின் தட்டுகூட வரவில்லை. கார் கடைக் கால்வாயில் ஒரு பருக்கைகூட விழவில்லை. சிலிம் ரிவர் அக்கா குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் வேனில் ஏறினார்.

கிளம்பும்போது பெண்ணின் அத்தை என்னிடம் வந்தார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். "தண்ணி இருக்கான்னு முன்னுக்கே பாக்க மாட்டீங்களா? அடுத்த தடவ வரும்போது ஒரு தொட்டி கொண்டாங்க" என்று திட்டினார். திட்டு நியாயமானதுதான். ஆனால் வேனில் வரும்போது நாங்கள் பேசியதெல்லாம் அந்த 'அடுத்த தடவ'யைப் பற்றித்தான்.

தௌக்கேயிடம் அன்று அவர் இழந்த வியாபாரத்தை ஈடுகட்ட வேண்டும் என்று பிறகு ஒருநாள் போனோம். வாங்கிக்கொள்ளவில்லை. "உங்க கூட்டத்துல நானும் சேரலாமா? சீனன் சேரக்கூடாதுன்னு ரூல் இருக்கா?" என்று கேட்டார்.

அப்படி எந்த விதியும் இல்லை. ஆனால் எங்கள் கூட்டத்தில் அன்று பெரிய வாக்குவாதம். தௌக்கே உள்ளே வந்தால் கொஞ்ச நாளில் அவரே முதலாளியாகி, நாம் கூலிக்காரர்களாகிவிடுவோம் என்று சிலர் பயந்தார்கள். வாழ்க்கை முழுக்க முதலாளிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்காதா? அவரையே வரச்சொல்லி, அந்தப் பயத்தை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னோம். யாருக்கும் ஒரே ஓட்டுதான், கடை வைத்திருந்தாலும் ஒன்றுதான் என்றோம். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் பெருமூச்சு விட்டார். "வீட்டுல எனக்கு அந்த ஒரு ஓட்டும் இல்ல லா." முதலில் சிரித்ததே, அவரை வேண்டாம் என்று சொன்னவர்கள்தான். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

இப்போது கூட்டம் குறைந்த காலை நேரங்களில் அவருடைய கடைதான் எங்கள் கழுவும் இடம். அவருடைய குழாய்களும் எங்கள் தட்டுகளும் சேர்ந்து ஓய்வில்லாமல் வேலை செய்கின்றன. தொழிற்சாலை வேண்டாம் என்று விட்ட எங்கள் கைகளுக்கு வாரம் தவறாமல் வேலை இருக்கிறது. வேனில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஏறிவிட்டது. தைப்பிங்கிலிருந்து சில பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அங்கேயும் ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தட்டு போதாவிட்டால் நாங்கள் அனுப்புகிறோம், எங்களுக்குப் போதாவிட்டால் அவர்கள் அனுப்புகிறார்கள்.

இன்றும் எந்த ஊர் மண்டபத்துக்கு வேலைக்குப் போனாலும், கூடைகளை இறக்குவதற்கு முன் நான் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வருகிறேன். எங்களோடு சேரக் காத்திருப்பவர் எந்தக் கடைக்குள் உட்கார்ந்திருக்கிறாரோ, போய்க் கேட்டால்தானே தெரியும்?