வளைவில் நட்ட வெட்டிவேர்

எங்கள் வயலின் கீழ்ப்பக்கத்தில் கழிவு வாய்க்கால் வளைகிறது. கனகராயன்குளம் சந்தியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் ஊர்க்குளம் மாரி மழையில் நிரம்பி வான் பாய்ந்து வழிந்தால், மிச்சத் தண்ணீர் முழுவதும் இந்த வாய்க்காலால்தான் போகும். நேராக வரும் தண்ணீர் வளைவில் கரையை முட்டும். அடுத்தடுத்து இரண்டு மாரிகளில் கரை அங்கேதான் உடைந்தது. வெள்ளம் வடிந்தபோது பயிர் நின்ற இடத்தில் மணல் கிடந்தது.

“இன்னொருக்கா உடைஞ்சா கீழ் வயலை மாட்டுக்கு விடுவம்,” என்றார் என் கணவர். கோபத்தில் சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

நான் வவுனியாவில் பல வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவள். வெள்ளச் செய்தியில் ‘கரை உடைந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவோம். எப்படி உடைகிறது என்பதை இரண்டாம் மாரியில்தான் குடையோடு நின்று பார்த்தேன். தண்ணீர் மேலால் வழியவில்லை. புல்லைச் செதுக்கி, புதுமண் அணைத்து, மெழுகியதுபோல் வைத்திருந்த பக்கத்தை அடியில் அரித்தது. மண் பாளம் பாளமாக விழுந்தது. சற்று மேலே, ஒருவரும் செதுக்காத மூலையில் ஒரு வெட்டிவேர்ப் புதர் நின்றது. இலைகள் தண்ணீரில் படுத்துவிட்டன. அடிமண் அசையவில்லை.

அறுவடை முடிந்ததும், ஈரம் காய்வதற்கு முதல், குளத்தின் பின்பக்கச் சதுப்பிலிருந்து வெட்டிவேரைக் கிளப்பினேன். புல்லுக் குத்தைத் தூர் தூராகப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு அரிந்து, நீள வேரைக் கழித்து, வளைவு முழுக்கக் கைப்பிடி இடைவெளியில் ஒரே வரிசையாக நட்டேன். பட்டி மாடுகளை அவிழ்த்து விட்டிருந்த காலம்; முள்ளுக் கொப்பு வெட்டி அடைத்தேன். கோடையில் வாளியால் தண்ணீர் வார்த்தேன். முழங்கால் உயரத்துக்கு வந்ததும் மறுபடி அரிந்தேன். அரிய அரியப் பக்கத்தில் புதுத் தூர் வெடிக்கும். இது அறுகு போல ஓடாது. வைத்த இடத்திலேயே தடிக்கும். பூ தலைகாட்டியவுடன் வெட்டினேன், விதை வயலுக்குள் போகக் கூடாது என்று.

மாரி நெல்லுக்கான காலபோக விதைப்புக்கு முன்னர் வாய்க்கால் துப்புரவு வரும். அவரவர் வயலை ஒட்டிய கரையை அவரவர் செதுக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்தில் புல்லில்லாத கரைதான் நல்ல கமக்காரருக்கு அடையாளம். கீழ்ப்பக்கத்து வயற்கார அண்ணை மண்வெட்டியும் தோளுமாக வந்து என் வரிசைக்கு முன்னால் நின்றார்.

“தங்கச்சி, நெல்லு சரிவரேல்லையெண்டு புல்லு விதைச்சிருக்கிறியளோ?”

“விதைக்கேல்லை அண்ணை, நட்டனான்.”

“பாம்புக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கிறா,” என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “உடைஞ்சா மணல் என்ர வயலுக்கும் வரும். செதுக்கி விடட்டோ?”

“இந்த மாரிக்கு மட்டும் விடுங்கோ. உடைஞ்சா நானே செதுக்கிறன்.”

“ஒரு மாரிதான்,” என்றார்.

கார்த்திகைக் கடைசியில் குளம் வான் பாய்ந்தது. விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தேயிலைச் சாயம் போன்ற தண்ணீர் வளைவில் முட்டிச் சுழன்றது. புல் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்தது. என் வரிசை முடிகிற இடத்துக்கு அப்பால் வெறுங்கரை இடிந்து, இடிவு கடைசிக் குத்துவரை வந்திருந்தது. அங்கே வேர்கள் வெளியே தொங்கின. அதற்கு இங்கால் ஒரு கை மண்ணும் போகவில்லை. உடைந்தது அண்ணையின் கரை. அவருடைய வயல் மூலைக்கு மணல் ஏறியது. சில கிழமையாக அவர் என்னைக் கண்டால் சைக்கிளை மறுபக்கத்தால் விட்டார்.

கீழ் வயலில் அந்தமுறை அரிவு வெட்டி நெல் எடுத்தோம். அடுத்த போகத்துக்கு அங்கே என்ன நெல் போடலாம் என்று கணவர் கேட்டார்.

அரிவு வெட்டு முடிந்து புல்லை அரியப் போனபோது ஒவ்வொரு குத்திலும் ஒரு பக்கம் குறைந்திருந்தது. மண்வெட்டி வெட்டு. நடுத்தூரைத் தொடாமல், வெட்டிய இடத்துக்கு மண்ணும் அணைத்திருந்தது. கவனமான களவு. எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாக இருந்தது. எடுத்தவர் வாயால் புகழ்ந்திருந்தால் மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பேன். களவெடுத்ததை அப்படி நினைக்க முடியாது.

கீழே அண்ணை தன் கரையில் வாளியோடு நின்றார். அவருடைய மனைவி வரம்பில் குந்தியிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தா.

“அண்ணை, என்ர புல்லைக் காணேல்லை.”

“பட்டி மாடு வந்தது.”

“மாடு மண்வெட்டியும் கொண்டு வந்ததோ?”

மனைவிக்குச் சிரிப்பில் தேத்தண்ணி சிந்தியது. “கேட்டு எடுங்கோ எண்டு அப்பவே சொன்னனான். இவருக்கு வெக்கமாம்.”

அண்ணை தண்ணீர் வார்ப்பதை நிறுத்தவில்லை. நான் அவர் நட்டிருந்த வரிசையைப் பார்த்தேன். கன்றுக்குக் கன்று ஒரு முழம் இருந்தது.

“இவ்வளவு ஐதா வைச்சா தண்ணி இடையால பூந்திடும். நெருக்கி வையுங்கோ.”

“அதுக்குக் கன்று காணாது,” என்றார், நிலத்தைப் பார்த்து.

“வளைவில நிக்குது. வாங்கோ, பிரிச்சுத் தாறன்.”

செதுக்க வந்த அதே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் எனக்கு முன்னால் நடந்தார்.